சுவரோர மேசை: ஹாட்டி மெக்டேனியலின் வாழ்வும் கலையும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போகும் சடங்காகிவிடக் கூடாது. நமக்குள் தீராமல் கிடக்கும் கேள்வி ஒன்றை வெளியே எடுத்துப் பேசும் நாளாக அது அமைய வேண்டும். இந்த ஆண்டு அப்படியொரு கேள்விக்காக நாம் கடல் கடந்து போகிறோம்.

1940 பிப்ரவரி 29 இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஓட்டலில், கோகோநட் குரோவ் என்னும் விருந்தரங்கில், பன்னிரண்டாவது ஆஸ்கர் விருது விழா நடக்கிறது. அந்த ஆண்டின் பெரும் வெற்றிப் படமான 'கான் வித் த விண்ட்' குழுவினர் அரங்கின் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். அதே படத்தில் நடித்து, சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரையில் இருந்த ஹாட்டி மெக்டேனியலுக்கு அவர்களோடு இடம் இல்லை. கறுப்பர்களை விருந்தினராக ஏற்காத ஓட்டல் அது. படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கியதால்தான் அவர் உள்ளே வரவே முடிந்தது. அரங்கின் ஓரத்தில், சுவரை ஒட்டிப் போடப்பட்ட சிறிய மேசை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். விருதுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். தன் இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவளாக எப்போதும் இருக்க விரும்புகிறேன் என்று மேடையில் கண்கலங்கப் பேசினார். பட்டயம் கைக்கு வந்த பிறகும் அந்த அரங்கில் அவருக்கென்று இருந்த இடம் சுவரோர மேசைதான்.

எந்தப் பாத்திரத்துக்காக அந்த விருது? வெள்ளை எசமானியின் வீட்டில், விடுதலை கிடைத்த பிறகும் விலகிப் போக நினைக்காத அடிமைப் பணிப்பெண்ணாக நடித்ததற்காக. நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. தன் மக்களை இழிவுபடுத்தும் பாத்திரத்தை ஏற்ற ஒரு கலைஞரை, அந்த மக்களின் விடுதலைக்காக நிற்கும் நாம் எப்படி மதிப்பிடுவது?

இது நமக்கு அந்நியமான கேள்வி இல்லை. சாவுக்குப் பறையடிப்பதை இழிதொழில் என்று உதறிய ஊர்கள் நம்மிடம் உண்டு. பறையைக் கீழே போட்டதற்காக அடிபட்டவர்களும் ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றிய தோழர்களும் உண்டு. இந்த இரு தரப்பாருக்கும் இடையிலான வாக்குவாதம் நம் கூட்டங்களில் இன்னும் முடியவில்லை. ஹாட்டியின் வாழ்க்கையை அந்த வாக்குவாதத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அடிமைகளின் மகள்

ஹாட்டி 1893இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. தாய் சூசன், தந்தை ஹென்றி இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான வடக்குப் படையில் சேர்ந்து சண்டையிட்டவர் ஹென்றி. போரில் பட்ட காயங்கள் அவரை உடலுழைப்புக்கு லாயக்கற்றவராக்கின. உரிய ஓய்வூதியத்துக்காக அரசாங்கத்திடம் அவர் ஆண்டுக்கணக்கில் மனுப்போட வேண்டியிருந்தது. வெள்ளையர் வீடுகளில் வேலை செய்துதான் சூசன் குடும்பத்தைக் காப்பாற்றினார். பணிப்பெண்ணின் வாழ்க்கையை ஹாட்டி திரைக்கதையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய தாயின் வாழ்க்கை. அவரும் அந்த வேலையைச் செய்தவர்.

குடும்பம் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. டென்வரில் பள்ளியில் படித்தபோதே பாட்டிலும் ஒப்பித்தலிலும் பெயர் வாங்கிய ஹாட்டி, படிப்பைப் பாதியில் விட்டு அண்ணன் ஓட்டிஸின் ஊர்சுற்றும் நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்பு அக்கா எட்டாவுடன் சேர்ந்து பெண்கள் மட்டுமே நடிக்கும் குழுவையும் நடத்தினார். 1920களில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவில் பாடினார். ப்ளூஸ் பாடல்களைத் தாமே எழுதி இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். பிற்காலத்தில் உலகம் முக்காடும் முன்றானைத் துணியுமாக மட்டுமே பார்த்த இந்தப் பெண், முதலில் பாடலாசிரியர், பாடகர், குழு நடத்திய கலைஞர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1929இல் பங்குச்சந்தை சரிந்தது. மேடைகள் மூடப்பட்டன. மில்வாக்கி அருகே ஒரு கேளிக்கை விடுதியில் ஹாட்டிக்குக் கிடைத்தது கழிப்பறைப் பணியாளர் வேலை. பல மாதங்கள் கழித்து, ஓர் இரவு பாட அனுமதி கிடைத்தது. அதன்பின் அங்கேயே மேடைக் கலைஞரானார். 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து, வானொலியில் பாடிக்கொண்டே வீட்டு வேலையும் செய்தார். வானொலி தந்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை. 1932இலிருந்து படங்களில் தலைகாட்டத் தொடங்கினார். சமையல்காரி, சலவைக்காரி, பணிப்பெண் என்று எண்ணற்ற படங்கள். அவற்றில் பலவற்றின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

கிடைத்த சின்ன இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு 1935இல் வந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படம் சான்று. வசதியானவர்களாகக் காட்டிக்கொள்ள விரும்பும் ஒரு நடுத்தரக் குடும்பம், ஒரே ஓர் இரவு விருந்துக்காகக் கூலிக்குப் பணிப்பெண்ணை அமர்த்துகிறது. ஹாட்டி ஏற்ற அந்தப் பெண் எதையும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவளுடைய நடையும் அலட்சியப் பார்வையும் சரிந்து விழும் தொப்பியும் அந்தக் குடும்பத்தின் போலி கௌரவத்தை மேசைமீது போட்டு உடைக்கின்றன. பணிப்பெண் எல்லை மீறுகிறாள் என்று தென்மாநில வெள்ளையர் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது.

மாம்மி என்னும் பொய்

'மாம்மி' என்பது ஒரு பெண்ணின் பெயர் இல்லை. வெள்ளைக் குழந்தைகளை வளர்த்த கறுப்பின அடிமைத் தாயை அழைத்த சொல். பருத்த உடல், தலைத்துணி, வெள்ளைச் சிரிப்பு, எசமான் வீட்டின்மேல் அளவற்ற பாசம்: இந்த உருவத்தை அடிமைமுறையை இழந்த தென்மாநிலத்தார் திட்டமிட்டுப் போற்றி வளர்த்தார்கள். அடிமைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள் என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. தோற்றுப்போன தென்தரப்பு வீரர்களின் வழிவந்த பெண்கள் சங்கம் ஒன்று, வாஷிங்டனில் மாம்மிக்கு நினைவுச்சின்னம் எழுப்ப அனுமதி கேட்டது; 1923இல் செனட் அவை அதற்கு இசைவும் தந்தது. கறுப்பினப் பத்திரிகைகளும் பெண்கள் அமைப்புகளும் கொதித்தெழுந்ததால்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தன் பிள்ளை சந்தையில் விற்கப்பட்ட பிறகு எசமானின் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்குச் சிலை. அவளுடைய பேரப்பிள்ளைக்கு வாக்குரிமை கிடையாது. பண்ணையாருக்காக உயிரையும் கொடுக்கும் விசுவாசப் பண்ணையாளைத் தமிழ்ப் படங்களில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரம் விளங்காமல் போகாது.

மார்கரெட் மிட்செல் எழுதி 1936இல் வெளிவந்த நாவல் இந்தப் பொய்யின்மீது கட்டப்பட்டது. அது படமாகிறது என்றதும் கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் எதிர்ப்புக் கடிதங்கள் அனுப்பின. அதன் விளைவாக, கறுப்பர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் வசனத்திலிருந்து நீக்கப்பட்டது. நாவல் புகழ்ந்த கு க்ளக்ஸ் கிளான் கும்பலின் பெயரும் படத்தில் இடம்பெறவில்லை. போராட்டத்தால் கிடைத்த திருத்தங்கள் இவை. மாம்மியை மட்டும் யாராலும் நீக்க முடியவில்லை. அந்தப் பாத்திரத்துக்குக் கடும் போட்டி. வெள்ளை மாளிகையில் பணியாற்றிய ஒரு பெண்கூடப் பரிசீலிக்கப்பட்டார்.

ஹாட்டி அந்த வார்ப்பில் உயிரைப் புகுத்தினார். அவருடைய மாம்மி எசமானியை அதட்டுகிறாள், அவளுடைய பொய்களை முகத்துக்கு நேரே பார்க்கிறாள். குழந்தை இறந்த பிறகு, மாடிப்படி ஏறிக்கொண்டே வீட்டின் துயரத்தை அழுதபடி சொல்லும் நீண்ட காட்சியில், அவர்தான் அந்தப் படத்தின் மனசாட்சி போலத் தெரிகிறார். சொல்லப்படுவது எசமான் வீட்டின் துயரம். அழுகை மட்டும் ஹாட்டியுடையது. அவருடைய நடிப்பு எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவுக்குப் பொய்யும் நம்பத்தகுந்ததாகிவிட்டது. இதை நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

தன் படத்தைப் பார்க்க முடியாதவர்கள்

1939 டிசம்பர் 15 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. நகரமே விழாக்கோலம் பூண்டது. அம்மாநிலத்தில் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்தது. ஹாட்டியும் பிற கறுப்பின நடிகர்களும் அங்கே போகவில்லை. அவர் வர முடியாவிட்டால் நானும் வரமாட்டேன் என்று கதாநாயகன் கிளார்க் கேபிள் முரண்டு பிடித்ததாகவும் ஹாட்டியே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியதாகவும் சொல்வார்கள். அதற்கு முந்தைய நாள் இரவு நடந்த விருந்தில், எபனேசர் தேவாலயப் பாடகர் குழு அடிமை உடையணிந்து வெள்ளையர் முன்னால் பாடியது. அந்தக் குழுவில் நின்ற பத்து வயதுச் சிறுவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். பின்னாளில் நிறவெறியை எதிர்த்து நாட்டையே நடக்க வைத்தவரும் ஒருநாள் அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு நின்றவர்தான்.

இந்தக் கதை நமக்கு மிக அருகிலும் நடந்திருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' ஜே.சி. டேனியலால் எடுக்கப்பட்டது. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் புலையர் சாதியில் பிறந்த பி.கே. ரோசி. திருவனந்தபுரத்தில் நடந்த முதல் காட்சியைப் பார்க்க அவருக்கு இடமில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றுவதைப் பொறுக்காத சாதி இந்துக்கள் திரைமீது கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டுத் தப்பி, தமிழ்ப் பகுதிக்கு வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். ஹாட்டி தனக்கு ஒதுக்கப்பட்ட பாத்திரத்துக்குள் நின்றதால் சுவரோர மேசையாவது கிடைத்தது. ரோசி தனக்கு மறுக்கப்பட்ட பாத்திரத்தை ஏற்றதால் நிற்கவே இடமில்லாமல் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், இழிவான வேடத்தை மறுத்திருக்கலாமே என்று நாம் எளிதாகச் சொல்லும் வார்த்தையின் விலை தெரியும்.

வெளியேறியவர்களும் உள்ளே நின்றவரும்

கறுப்பின மக்களின் முதன்மையான உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் வைட், 1942இல் ஹாலிவுட் முதலாளிகளைச் சந்தித்துப் பேசினார். கறுப்பர்களைக் கோமாளிகளாகவும் வேலைக்காரர்களாகவும் மட்டுமே காட்டுவதை நிறுத்துங்கள், சாதாரண மனிதர்களாகக் காட்டுங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. அதில் ஒரு சொல்லைக்கூட நாம் மறுக்க முடியாது. பால் ரோப்சன் அதே காலத்தில் ஹாலிவுட்டை விட்டே வெளியேறினார். லீனா ஹார்ன் பணிப்பெண்ணாக நடிக்கமாட்டேன் என்பதை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொண்டார். 'கான் வித் த விண்ட்' படத்தில் ஹாட்டியுடன் நடித்த பட்டர்ஃபிளை மெக்குவீன், வேலைக்காரி வேடங்களால் சலித்துப்போய்ப் பின்னர் திரையிலிருந்து விலகினார்.

ஹாட்டி உள்ளேயே நின்றார். வாரம் 7 டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட 700 டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு பதில் பரவலாக வழங்குகிறது. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், கழிப்பறை வாசலில் துண்டு ஏந்தி நின்ற ஒரு பெண்ணின் கணக்கு அது என்பதை மறந்துவிடுகிறார்கள். பணிப்பெண் வேடங்கள் ஒழிந்தால், அவற்றை நம்பிப் பிழைக்கும் கறுப்பின நடிகர்கள் எங்கே போவார்கள் என்பது ஹாட்டியின் கேள்வி. தங்களைக் கலந்துகொள்ளாமல் தங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவருடைய ஆற்றாமை.

இரு தரப்பும் உண்மையைப் பேசியது. பிம்பம் ஒரு மக்கள் கூட்டத்தின் கழுத்தை நெரிக்கும் என்றார் வைட். பிம்பத்தை உடைக்கும்போது அதற்குள் உட்கார்ந்து சோறு தின்னும் எங்கள் மண்டையை உடைக்காதீர்கள் என்பதே ஹாட்டி தரப்பு. கதையை எழுதிய கையும் பணம் போட்ட கையும் இந்தச் சண்டையில் அகப்படாமல் தப்பித்துக்கொண்டன. பறை பற்றிய நம் வாக்குவாதத்திலும் இதுதான் நடந்தது. அடிக்கமாட்டேன் என்றவரும் அடித்துக்கொண்டே அதன் பொருளை மாற்றியவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம். அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய ஊர்த்தெருவை அந்த நேரங்களில் மறந்துவிட்டோம்.

சுகர் ஹில் வழக்கு

திரைக்கு வெளியே ஹாட்டி தலைகுனிந்து நின்றவர் இல்லை. சம்பாதித்த பணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். வசதி படைத்த கறுப்பர்கள் குடியேறிய பிறகு சுகர் ஹில் என்று பெயர்பெற்ற இடம் அது. அங்கிருந்த வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கவோ அவர்கள் குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. ஊரும் சேரியும் பிரிந்திருப்பதற்கு நம்மிடம் எழுத்தே தேவைப்படவில்லை. அங்கே அதைப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

கறுப்பர்களை வெளியேற்றக் கோரி வெள்ளை அண்டைவீட்டார் வழக்குத் தொடர்ந்தார்கள். ஹாட்டி தன் வீட்டில் கூட்டங்கள் நடத்தி அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். நடிகைகள் எத்தல் வாட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் ஆகியோரும் வழக்கில் நின்றார்கள். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தம் கறுப்பர்களுக்குத் தரும் பாதுகாப்பை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் தட்டிக்கழித்து வந்திருக்கின்றன என்ற கருத்துடன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1948இல், 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில் இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய முக்கியமான படிகளில் ஒன்று சுகர் ஹில். திரையில் எசமானியின் மாளிகையைத் துடைத்தவர், நிஜத்தில் தன் வீட்டு வாசலை யாரும் பறிக்க முடியாதபடி சட்டத்தின் முன் நின்று காத்தார்.

இதே காலத்தில்தான், 1946இல், அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பர்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். அந்த மக்களின் வழக்குகளை நாம் படிப்பது புதுப்பழக்கம் இல்லை.

பியூலாவும் கடைசி நாட்களும்

'பியூலா' என்பது ஒரு வெள்ளைக் குடும்பத்தின் கறுப்பினப் பணிப்பெண்ணை மையமாகக் கொண்ட வானொலித் தொடர். அந்தப் பெண்ணின் குரலாக முதலில் பேசியவர்கள் வெள்ளை ஆண்கள். கறுப்பினப் பெண்ணின் குரலைக்கூட அவளுக்குத் தராத காலம் அது. 1947இல் அந்த வேடம் ஹாட்டிக்கு வந்தது. கொச்சையாக்கப்பட்ட 'அடிமைப் பேச்சு' பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் ஏற்றார். 1951இல் அதன் தொலைக்காட்சி வடிவத்தில் எத்தல் வாட்டர்ஸுக்குப் பிறகு நடிக்க வந்தார். சில பகுதிகளே முடிந்திருந்தன, நோயில் விழுந்தார். 1952 அக்டோபர் 26 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். திரைத்துறையின் பெரிய பெயர்கள் பல உறங்கும் இடம் அது. கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. ஆஸ்கர் வாங்கிய உடல் ரோஸ்டேல் கல்லறைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பொதுச் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டு, வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் இறங்கிப் பிணம் தூக்கிச் செல்லும் ஊர்களிலிருந்து வந்திருக்கும் நமக்கு, அந்த வழி எத்தனை நீளமானது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருதுப் பட்டயத்தைக் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதி வைத்திருந்தார். அது பின்னர் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. 1999இல் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தின் புதிய உரிமையாளர்கள் அவருக்கு நினைவுக்கல் நட்டார்கள். 2023இல் ஆஸ்கர் அமைப்பு ஹாவர்டுக்கு மாற்றுப் பட்டயம் வழங்கியது. அவருக்குப் பிறகு நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற அடுத்த கறுப்பினப் பெண் வூப்பி கோல்ட்பர்க். அதற்கு 1991 வரை, 51 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் விருது கதவைத் திறந்துவிட்டதாக அன்று எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

நாம் செய்ய வேண்டியது

மாம்மி பாத்திரம் ஒரு பொய் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தப் பொய்யை எதிர்த்துக் கடிதம் எழுதியவர்கள் நம் முன்னோடிகள். அதற்காக ஹாட்டியைத் துரோகி என்று தள்ள நாம் தயாராக இல்லை. பாத்திரத்தை எதிர்ப்பது ஒரு வேலை. அதை ஏற்க நேர்ந்த கலைஞரின் வாழ்க்கையைப் படிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருசேரச் செய்யக் கற்றுக்கொள்ளாத இயக்கம், தன் ஆட்களையே ஒவ்வொருவராக இழக்கும்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்ப் படங்களில் பண்ணையாளாக, பறையடிப்பவராக, வெட்டியானாக, அடிவாங்கும் கூட்டத்தில் ஒருவராக வந்துபோன நம் மனிதர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை. அவர்களில் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயேகூட இருக்கலாம். போய் உட்கார்ந்து கேளுங்கள். என்ன கூலி வாங்கினார்கள், படப்பிடிப்பில் எங்கே சாப்பிட்டார்கள், யார் அவர்களை எப்படி அழைத்தார்கள், வீடு திரும்பியதும் ஊர் என்ன சொன்னது என்பதை எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில், அவற்றை இந்த மேடையில் வாசிப்போம்.

ஜெய்பீம்.